புரூஃப் அறையில் இரண்டு நாற்காலி

ஊரில் இருக்கிற ஆண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நகைச்சுவைதான் தெரியும் என்பதை அந்த வாரம்தான் கண்டுகொண்டேன். கறிக்கடைக்காரர் சொன்னார். தபால்காரர் சொன்னார். பல் டாக்டர் என் வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம்னாலே சண்டைதானே டல்ஸி, உங்க பேப்பர்ல சரியாத்தான் போட்டிருக்கு." சொல்லிவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் அது முதலில் தோன்றியது போல என் முகத்தைப் பார்ப்பார்கள். நாற்பது பேர் வரை எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். கோபால்ட் தெருவில் இருக்கும் வைலி தம்பதி பிரிகிறார்கள். வீட்டை ஏலம் விட்டுப் பங்கு பிரிக்க வேண்டும் என்று வக்கீல் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். 'மேரிட்டல்' வீடு என்று எழுதியிருந்தார், அதாவது கணவனும் மனைவியுமாக வாழ்ந்த வீடு. செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் பத்திரிகையில் அது 'மார்ஷியல்' வீடு என்று வந்தது, அதாவது போர் வீடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே ஏழு எழுத்துகள்தான், நடுவில் இரண்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். பார்க்க அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று கணவனைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மற்றது ரோமர்களின் போர்க் கடவுள் பெயரிலிருந்து. இதை நான் யாரிடமாவது விளக்க ஆரம்பித்தால் உடனே அவர்களுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

சிரிப்போடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஐவி வைலி எப்போதோ ஒரு முறை புருஷன் மேல் கெட்டிலை எறிந்தவள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சிரிப்பெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. புதன்கிழமை காலை நல்ல தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் சத்தமே போடவில்லை. "என் வீட்டு வாசல்ல பசங்க நின்னு சல்யூட் அடிக்கிறாங்க. இதை யார் செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றாள். யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மானேஜர் ஒரு பெயர் கேட்டார்.

பெயர் கேட்டால் இரண்டு பெயர்தான் உண்டு. கம்போசிங் கூடத்தின் மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை இருக்கிறது. அதில் இரண்டு நாற்காலி. கை வைத்த நாற்காலி புரூஃப் ரீடர் ஆல்பி ட்ரெம்பாத்துடையது. கை இல்லாதது என்னுடையது. நான் பிரதி வாசிப்பவள். நிருபரோ வக்கீலோ எழுதிக் கொடுத்த தாளை உரக்கப் படிப்பேன், கமா, புள்ளி, பெரிய எழுத்து எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டே, ஒரே ஓட்டமாக. ஆல்பி அச்சில் வந்த புரூஃபின் மேல் கண்ணை ஓட்டுவான். நான் சொல்வதும் அவன் பார்ப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே பேனாவை வைப்பான். முடிந்ததும் இருவரும் ஓரத்தில் கையெழுத்து வைப்போம், அவன் மேலே, நான் கீழே. பதினோரு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

இதில் கடைசி ஒன்றரை வருஷமாக ஆல்பிக்குக் கண் தெரியவில்லை.

முதலில் பல்பு மங்கல் என்றான். மூன்று முறை பல்பு மாற்றினார்கள். அப்புறம் மை சரியில்லை என்றான், தாள் சரியில்லை என்றான், வெளியே புழுதிக் காற்று என்றான். எங்கள் ஊரில் என்றைக்குத்தான் புழுதிக் காற்று இல்லை? ஒரு நாள் அவன் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எழுத்தே இல்லை, வெறும் ஓரம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுத்தெல்லாம் அவனுக்குச் சாம்பல் கோடாகத்தான் தெரிந்திருக்கிறது. சொல்லின் நீளத்தைப் பார்த்து, நான் படிப்பதைக் கேட்டு, மிச்சத்தைக் குத்துமதிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தான். பென்ஷனுக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. அதற்கு முன்னால் வெளியே தெரிந்தால் பென்ஷனில் பாதிகூடத் தேறாது.

நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு கேலி, அதாவது ஒரு நீளப் புரூஃப் தாள், படித்து முடித்ததும் நான், "தொண்டை வறண்டு போச்சு ஆல்பி, ஒரு டீ" என்பேன். அவன் எழுந்து போவான். அவன் திரும்புவதற்குள் புரூஃபை இழுத்து வைத்து, என் கண்ணால் முழுதும் பார்த்து, அவன் பேனாவாலேயே திருத்திவிடுவேன். அவன் டீயை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவான். ஒரு நாளைக்கு ஏழு டீ. ஆல்பியின் டீயைக் குடித்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரணத் தியாகம் இல்லை.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். ஆல்பி ஓய்வு பெறும்போது அந்தக் கை வைத்த நாற்காலி எனக்கு வர வேண்டும். வேலையை நான்தான் செய்கிறேன், பெயரும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் ஹெர்ப் ஓட்ஸை ஆறு வருஷமாகக் காக்க வைத்திருந்தேன். ஹெர்ப் சுரங்கத்தில் நேரக் கணக்கர். பொறுமைசாலி. ஆனால் எங்கள் ஊரில் கல்யாணமான பெண் வேலைக்குப் போகக் கூடாது. அரசாங்கச் சட்டமெல்லாம் இல்லை, தொழிற்சங்கங்கள் சேர்ந்து எடுத்த முடிவு. ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம், அதுவும் ஆம்பளைச் சம்பளம். விரலில் மோதிரம் ஏறினால் மறுநாள் மேஜையைக் காலி செய்ய வேண்டியதுதான். விதவைக்கு உண்டு, புருஷன் படுத்த படுக்கையாக இருப்பவளுக்கு உண்டு. நல்ல ஆரோக்கியமான புருஷன் கிடைத்தவளுக்கு மட்டும்தான் தண்டனை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஹெர்ப் நான் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க அச்சகத்துக்கு வந்தான். எங்கள் ஊரில் மழை பெய்து மாதக்கணக்காகிறது, குடையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவன் போனதும் ஆல்பி சிரித்தான்.

"பாவம் அந்த மனுஷன். கட்டிக்கிட்டுப் போயேன் அம்மணி. இது என்ன பெரிய உத்தியோகமா? யாரோ எழுதினதை வாயால படிக்கிறதுதானே. ஸ்கூல் பொண்ணு வந்தாக்கூடச் செய்யும்."

ஒன்றரை வருஷம், நாளைக்கு ஏழு டீ. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. சரி, படிக்கிறதுதானே என் வேலை, படிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அன்று தெளிவாக, நிறுத்தி, ஒரு கமா விடாமல் படித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். முதல் கேலி முடிந்தது. நான் டீ கேட்கவில்லை. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது வக்கீல் விளம்பரங்கள். அது முடிந்ததும் ஆல்பி பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"டீ போட்டுட்டு வரட்டுமா?" என்றான்.

ஒன்றரை வருஷத்தில் அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். "வேண்டாம்" என்றேன். அவன் கையெழுத்துப் போட்டான். கீழே நானும் போட்டேன்.

வியாழக்கிழமை பத்திரிகை அச்சேறிய பிறகு சாப்பல் கூடியது. அச்சுத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கிளையைச் சாப்பல் என்றுதான் சொல்வார்கள், அதன் தலைவர் ஃபாதர். சர்ச்சுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது, அங்கே பீர் உண்டு. எங்கள் ஃபாதர் லெஸ் டோனலி, லைனோ இயந்திரத்தில் உட்கார்ந்து எழுத்துக் கோப்பவன். வைலி விளம்பரத்தைக் கோத்ததும் அவன்தான். ஆனால் அதை யாரும் பேசவில்லை. கோப்பவன் தப்புச் செய்வான், அதைப் பிடிக்கத்தானே ரீடர் இருக்கிறான் என்பது அவர்கள் நியாயம். ரீடர் விட்டிருந்தால் அது பிரதி படித்தவள் தப்பாகப் படித்ததால்தான் என்பது அடுத்த நியாயம். எனக்கு சாப்பலில் ஓட்டு இல்லை. சுவரோரமாக நிற்க அனுமதி உண்டு.

லெஸ் என்னைக் கேட்டான். சரியாகத்தான் படித்தேன் என்றேன். பதினாறு ஆண்களும் 'ஆமாம், பின்னே ஒத்துக்கொள்வாளா' என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"நீ சொல்லு ஆல்பி. அவ என்ன படிச்சா?"

"சரியாத்தான் படிச்சா" என்றான் ஆல்பி. "மேரிட்டல்னு நல்லா, அழுத்தமா படிச்சா. காதுல விழுந்துச்சு."

"அப்புறம் எப்படி விட்டே?"

ஆல்பி தோளைக் குலுக்கினான். லெஸ் மேஜை மேல் கிடந்த புரூஃபை எடுத்து அவன் கையில் கொடுத்து, எங்கே, அந்த இடத்தைப் படி, சிக்கல் எங்கேன்னு பார்க்கலாம் என்றான். அவன் மனதில் ஒரு சூதும் இல்லை. அவசரத்தில் மேலே கிடந்த தாளை எடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

ஆல்பி தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தான். கோபால்ட் தெரு, மனை எண், இரண்டு படுக்கையறை, தகரக் கூரை, மழைத்தண்ணீர்த் தொட்டி, வக்கீல் பெயர், ஏலம் நடக்கிற நேரம். ஒரு சொல் பிசகவில்லை. கமாவைக்கூட நான் சொல்கிற மாதிரியே சொன்னான். ஒரே ஒரு முறை காதால் கேட்ட விளம்பரம் அது. மனுஷனுக்கு அப்படி ஒரு ஞாபகம்.

அவன் கையில் இருந்தது சனிக்கிழமைக் குதிரைப் பந்தயப் பட்டியல்.

யாரோ பீர் புட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். லெஸ் தாளை அவன் கையிலிருந்து எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். "சரி, நல்லாப் படிச்சே" என்றான். ஆல்பிக்குப் புரிந்துவிட்டது. அவன் கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய், என்மேல் வந்தது. ஒரு டீ வாங்கிக் குடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு?

ஆனால் லெஸ் அடுத்த நிமிஷமே பழைய கோபத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் என்னை வைத்துக்கொண்டே முடிவு செய்தார்கள். மானேஜருக்கு ஒரு கடிதம் போகும். பிரதி படித்தவள் சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டாள், வருந்துகிறாள். ஆல்பி பதினான்கு மாதத்தை ஓட்டிவிடுவான். அதுவரை புரூஃபை நான் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உனக்கு என்ன நஷ்டம் டல்ஸி? கூப்பிட்டு நாலு திட்டு திட்டுவாங்க, அதோட முடிஞ்சுது. உனக்குக் குடும்பமா, குட்டியா?" என்றான் லெஸ்.

சிலர் என் தோளில் தட்டினார்கள். நல்ல பொண்ணு என்றார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. மேரிட்டல் என்கிற சொல் என் வாயிலிருந்து சரியாகத்தான் வந்தது, எழுத்தைத் தப்பாகக் கோத்தவன் என் எதிரில் பீர் குடிக்கிறான், வருந்துவது மட்டும் நானாம். ஆல்பி ஓய்வு பெற்ற பிறகு நாற்காலி எனக்குத்தானே என்று அப்போதே கேட்டேன். லெஸ்ஸுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. ரீடர் ஆக வேண்டுமென்றால் கம்போசிங் பழகிச் சங்கச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும், பெண்களுக்கு அந்தச் சீட்டு கிடையாது, அடிலெய்டிலிருந்து யாராவது ஆம்பளை வருவான் என்று பொறுமையாக விளக்கினான். பொறுமையாக விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

"நான் அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான் ஆல்பி, எல்லாரும் அவனை மறந்துவிட்டிருந்த நேரத்தில். "அவ சரியாப் படிச்சா. டீ வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னா. அது அவ இஷ்டம்."

டீக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆல்பி யாரிடமும் சொல்லாமல் மானேஜரிடம் போய், தன் கண் போய்விட்டது என்றும் ஒன்றரை வருஷமாகப் புரூஃப் பார்த்தது மிஸ் பாஸ்கோதான், அதாவது நான்தான், என்றும் சொல்லிவிட்டான். மானேஜர் அவனை மருத்துவ ஓய்வில் அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு நாள் உண்மையை மறைத்ததற்காகத் திட்டினார். அடிலெய்டுக்குத் தந்தி கொடுத்தார். அங்கே இருந்த ஆள் ஆறு வாரத்துக்கு முன்னால் வர முடியாது என்று பதில் அனுப்பினான்.

சனிக்கிழமை அந்த நாற்காலியில் லெஸ் உட்கார்ந்தான். நான் பிரதி படித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். லெஸ்ஸுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் அவன் கண் எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறது, சொல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அன்றைய பத்திரிகையில் நான் எண்ணிய வரை பத்தொன்பது தப்பு. ஒரு மரண அறிவிப்பில் செத்தவரும் அவர் தம்பியும் இடம் மாறியிருந்தார்கள். திங்கள்கிழமை காலை தம்பி தன் வேட்டை நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன், நாயைக் கேட்டுப் பாருங்கள் என்று மானேஜர் அறை வாசலில் நின்றார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெர்ப் வீட்டுக்கு வந்திருந்தான். நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் நான் சுட்டு வைத்திருந்த பாஸ்டியை, கறி அடைத்த பணியாரத்தை, சாப்பிட்டு முடித்தான். "உனக்கு அந்த நாற்காலி வேணுமா?" என்று மட்டும் கேட்டான். வேண்டும் என்றேன். "அப்ப கேட்டு வாங்கு. எனக்காகன்னு விடாதே. அப்புறம் அந்தக் கோபத்தோடயும் நான்தான் குடித்தனம் பண்ணணும்" என்றான். ஆறு வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

திங்கள்கிழமை, தம்பியும் நாயும் போன பிறகு, நாற்காலி எனக்கு வேண்டும் என்று லெஸ்ஸிடம் கேட்டேன். பதினோரு மணிக்கு சாப்பல் அவசரமாகக் கூடியது. இந்த முறை என்னைச் சுவரோரமாகக்கூட நிற்க விடவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். லைனோக்கள் நின்றுவிட்டதால் கூடமே மயானம் மாதிரி இருந்தது, ஆனால் அவர்கள் பேசுவது கேட்கவில்லை. வாய்கள் அசைவது தெரிந்தது. கடைசிப் பெட்டியை எடுத்துப் போக வந்திருந்த ஆல்பியும் நடுவில் இருந்தான். கைகளை உயர்த்தினார்கள். எண்ணினேன். ஒன்பது. கைகளை இறக்கினார்கள். மற்றவர்கள் இறக்கியது தெரியாமல் ஆல்பியின் கை மட்டும் மேலேயே நின்றது. பக்கத்திலிருந்தவன் அதைப் பிடித்து இறக்கிவிட்டான்.

லெஸ் ஒரு தாளோடு உள்ளே வந்தான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, இரண்டு மணிக்கு அச்சு ஓட வேண்டும், பன்னிரண்டு கேலி மேஜையில் குவிந்து கிடந்தது.

"ஜெயிச்சுட்டே" என்றான், தானே ஜெயித்தவன் மாதிரி. "கையெழுத்துப் போட்டுட்டு ஆரம்பி."

படித்தேன். எது கையில் கொடுத்தாலும் நான் படிக்காமல் விட்டதில்லை. டல்ஸி பாஸ்கோ இன்று முதல் இந்தப் பத்திரிகையின் புரூஃப் ரீடர். நல்லது. அடுத்த வரி, தகுதியுள்ள ஆண் வரும் வரை. அதற்கும் அடுத்த வரி, இப்பொறுப்பில் இருக்கும் காலம் வரை திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

ஆறு வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், யாரும் எழுதி வாங்கவில்லை. ஆனாலும் அதை லெஸ் டோனலியின் கோணல் கையெழுத்தில் பார்த்தபோது என் கை பேனாவைத் தேடியது. ஆல்பியின் பேனா மேஜையில் இருந்தது. அதை எடுத்து இரண்டாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். மூன்றாவதன் மேல் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நேராக ஓரத்தில் நீக்கு என்கிற சுழியைப் போட்டேன், எந்தக் கம்போசிட்டருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

"இப்படி வெட்டினா ஊர்ச் சங்கங்கள் ஒத்துக்காது டல்ஸி."

"அப்ப அவங்களை வந்து இன்னிக்குப் பேப்பரைப் படிக்கச் சொல்லு."

"நீ ஹெர்பைக் கட்டிக்கப் போறியா?"

"இன்னும் முடிவு பண்ணல. பண்ணினா அவன்கிட்ட சொல்லுவேன். சாப்பல்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

லெஸ் கடிகாரத்தைப் பார்த்தான், கேலிகளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். வாசலில் ஆல்பி தன் நாற்காலி மெத்தையையும் லென்ஸையும் போட்ட அட்டைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்ன செஞ்சா லெஸ்? எனக்குத் தெரியல. படிச்சுக் காட்டேன்."

லெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "டல்ஸி பாஸ்கோ இன்று முதல் இந்தப் பத்திரிகையின் புரூஃப் ரீடர். புள்ளி. அவ்வளவுதான் மிச்சம் இருக்கு."

"தப்பில்லாமத்தான் இருக்கு" என்றான் ஆல்பி. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுப் படியிறங்கிப் போனான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன், அதைப் பார்க்க லெஸ்ஸுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

லெஸ் தாளை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்தான். நான் எழுந்து கை வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அது என் உயரத்துக்குச் சரியாக இல்லை, கால் தரையில் முழுதாகப் படவில்லை. முதல் கேலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "பிரதி யார் படிக்கிறது?" என்றேன்.

லெஸ் கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தான். எல்லாருடைய கையும் வேலையில் இருந்தது. யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை, வேண்டுமென்றேதான். அவன் ஒரு பெருமூச்சு விட்டு, என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைக் கையில் எடுத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி படிக்க ஆரம்பித்தான்.

முதல் வரியிலேயே இரண்டு தப்பு. இரண்டும் லெஸ் கோத்தவை. திருத்திவிட்டு, "மேலே படி" என்றேன்.